மனநலச் சிகிச்சையில் ‘குழு’ என்றால் என்ன? ஓர் எளிய விளக்கம்

மனநல மருத்துவமனை ஒன்றைச் சிபாரிசு செய்பவர்கள் “அங்கே நல்ல டீம் இருக்கு” என்பார்கள். என்ன டீம் என்று கேட்டால் ஆட்களை எண்ணிச் சொல்வார்கள்: நான்கு டாக்டர், இரண்டு கவுன்சிலர், யோகா சொல்லித்தர ஒருவர். அந்த ஏழு பேரும் ஒரே நோயாளியைப் பற்றி ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்கிறார்களா என்று கேட்டுப் பாருங்கள். பதில் வராது. அப்படி ஒரு கேள்வி இருப்பதே பலருக்குத் தோன்றியதில்லை.

நான் மருத்துவத் துறையில் இல்லை. என் சித்தியோடு பதினோரு வருடமாக மனநல மருத்துவமனைகளுக்குப் போய்வருகிறேன். அந்த அலைச்சலில் எழுந்த கேள்விகளுக்காகப் படித்ததையும், வராந்தாவில் உட்கார்ந்து பார்த்ததையும் சேர்த்து, இந்தக் ‘குழு’ என்ற விஷயத்தை அடியிலிருந்து எழுதுகிறேன்.

## கல்யாண வீட்டில் யாரும் வாங்காத தாம்பூலப் பை

ஒரு கல்யாண வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். மண்டபம் பெரியப்பா பொறுப்பு, சமையல் மாமா பொறுப்பு, பத்திரிகை பெண்ணின் அண்ணன். எல்லாரும் நன்றாக உழைப்பவர்கள். முகூர்த்தம் முடிந்து விருந்தினர்கள் கிளம்பும்போதுதான் தெரிகிறது, தாம்பூலப் பைக்கு யாருமே சொல்லவில்லை. தேங்காய் வாங்கும் மாமா பையையும் வாங்கிவிடுவார் என்று பெரியப்பா இருந்துவிட்டார். பை மண்டபக் கணக்கில் வரும் என்று மாமா இருந்துவிட்டார்.

இதில் யாரும் சோம்பேறி இல்லை. இரண்டு பேருக்கு நடுவில் இருந்த இடைவெளியில் வேலை விழுந்துவிட்டது. “அவர் பார்த்துக்கொள்வார்” என்று ஒவ்வொருவரும் மனதார நம்பியதால்தான் விழுந்தது. மனநலச் சிகிச்சையில் நான் நேரில் பார்த்த பிழைகள் எல்லாம் இந்த மாதிரிப் பிழைகள்தான். அங்கே விழுவது தாம்பூலப் பை இல்லை, ஒரு மனிதர்.

## குழுவில் யார் யார்

சரி, முதலில் ஆட்களைத் தெரிந்துகொள்வோம். இதிலேயே நிறையக் குழப்பம் இருக்கிறது.

மனநல மருத்துவர் என்பவர் எம்.பி.பி.எஸ். முடித்து, அதன்மேல் மனநலத்தில் பட்டம் பெற்றவர். மருந்து எழுதுபவர் இவர்தான். மருத்துவ உளவியலாளர் மருத்துவம் படித்தவர் அல்ல. உளவியல் படித்து, நோயாளிகளோடு பயிற்சி பெற்றவர். உளவியல் சோதனைகளும் பேச்சுவழிச் சிகிச்சையும் இவர் வேலை. இந்த இருவரையும் ஒன்றாக நினைத்து, உளவியலாளரிடம் போய் மாத்திரை கேட்பவர்களும், டாக்டர் ஒரு மணி நேரம் பேசவில்லையே என்று வருத்தப்படுபவர்களும் உண்டு.

மனநலச் சமூகப் பணியாளர் நோயாளியின் வீடு, வேலை, பணம், உதவித்தொகை, உறவுகள் என்று வெளி உலகத்தைப் பார்ப்பவர். செவிலியர் மருந்தும் தருவார், இரவும் பகலும் கூடவே இருந்து கவனிப்பார். குளிப்பது, சமைப்பது, பஸ் ஏறி வேலைக்குப் போவது போன்ற அன்றாடத் திறன்களை மீட்டுத்தருபவர் தொழில்வழிச் சிகிச்சையாளர்.

அரசுத் துறையிலும் இப்படிப்பட்ட குழு உண்டு. 1982-இல் இந்தியாவில் தேசிய மனநலத் திட்டம் வந்தது. 1996-இல் அதன் கீழ் மாவட்ட மனநலத் திட்டம் தொடங்கியபோது, முதலில் எடுத்துக்கொண்ட நான்கு மாவட்டங்களில் திருச்சியும் ஒன்று. மருத்துவர், உளவியலாளர், சமூகப் பணியாளர், செவிலியர் சேர்ந்த குழு என்பது அந்தத் திட்டத்தின் அடிப்படை.

## ஆளுக்கு ஒரு துண்டு

சர்க்கரை நோய்க்கு இரத்தப் பரிசோதனை எடுத்தால் தாளில் ஒரு எண் வருகிறது. திருநெல்வேலியில் எடுத்த தாளைச் சென்னை டாக்டர் பார்த்தாலும் அதே எண்தான். மனச்சோர்வுக்கு அப்படி ஒரு எண்ணைத் தரும் இரத்தப் பரிசோதனை கிடையாது. நோயின் அடையாளங்கள் அந்த மனிதரின் பகலிலும் இரவிலும் சிதறிக் கிடக்கின்றன.

மூன்று மணிக்கே எழுந்து உட்கார்ந்துவிடுகிறார் என்பது இரவுச் செவிலியருக்குத் தெரியும். கந்துவட்டிக்காரர் வீட்டு வாசலில் வந்து கத்தினார் என்பது சமூகப் பணியாளருக்குத் தெரியும். “நான் இருந்து யாருக்கு என்ன பிரயோசனம்” என்று அவர் சொன்னது உளவியலாளருக்குத் தெரியும். மாத்திரையை நாக்குக்கு அடியில் வைத்துத் துப்புகிறார் என்பது அம்மாவுக்குத் தெரியும். மருந்தை முடிவு செய்யும் டாக்டருக்குக் கிடைப்பதோ, கூட்டம் நிறைந்த புறநோயாளிப் பிரிவில் சில நிமிடங்கள்.

இந்த நான்கு துண்டுகளும் ஒரே இடத்தில் சேர்ந்தால் அது ஒரு அவசர நிலை என்று யாருக்கும் புரியும். தனித்தனியாக இருந்தால் ஒவ்வொன்றும் சாதாரணமாகத் தெரியும். மனநலச் சிகிச்சைக்குக் குழு தேவைப்படும் காரணம் இதுதான். வேலை நிறைய இருக்கிறது என்பதைவிட, தகவல் பலரிடம் பிரிந்து கிடக்கிறது என்பதே பெரிய காரணம்.

## சித்தியின் முழங்கால் வலி

சித்திக்கு இருதுருவ மனநிலைக் கோளாறு. சில வாரங்கள் தூக்கமே வேண்டாத அளவு உற்சாகம், சில வாரங்கள் எழுந்திருக்கவே முடியாத சோர்வு என்று மனநிலை இரண்டு எல்லைகளுக்குப் போய்வரும் நோய். அதற்கு லித்தியம் சாப்பிடுகிறார். நல்ல மருந்து, ஆனால் இரத்தத்தில் அதன் அளவு ஒரு குறுகிய எல்லைக்குள் இருக்க வேண்டும். குறைந்தால் பலன் இல்லை, கூடினால் நஞ்சு. அதனால்தான் அவ்வப்போது இரத்தம் எடுத்துப் பார்க்கிறார்கள்.

ஒரு மார்கழியில் முழங்கால் வலி என்று வேறொரு மருத்துவமனைக்குப் போனார். எலும்பு டாக்டர் வலி மாத்திரை எழுதினார். என்ன மருந்தெல்லாம் சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டிருக்கிறார். மனநல மருந்து என்று சொல்லச் சித்திக்குக் கூச்சம், “பிரஷருக்கு” என்று சொல்லிவிட்டார். இரண்டு வாரத்தில் கை நடுங்க ஆரம்பித்தது, நடை தள்ளாடியது. வழக்கமான பரிசோதனைக்குக் கூட்டிப்போன என் தங்கை அதைச் செவிலியரிடம் சொன்னாள். எப்படியும் டாக்டர் பார்த்துக்கொள்வார் என்று செவிலியர் அதைக் கோப்பில் எழுதவில்லை. டாக்டர் தூக்கம் எப்படி என்று கேட்டார், நன்றாக இருக்கிறது என்றார்கள். செவிலியரிடம் சொல்லியாயிற்றே என்று தங்கையும் மறுபடி சொல்லவில்லை. மூன்றாம் நாள் வாந்தியும் குழறலுமாக அவசரப் பிரிவில் இருந்தோம்.

ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள் சிறுநீரகம் லித்தியத்தை வெளியேற்றுவதைக் குறைத்துவிடும். அப்போது அதே அளவு லித்தியம் சாப்பிட்டாலும் இரத்தத்தில் அது ஏறிக்கொண்டே போகும். சித்தி பிழைத்துக்கொண்டார். யாரையும் குற்றம் சொல்ல எனக்கு அன்றைக்கும் தோன்றவில்லை. எலும்பு டாக்டர் கேட்டார், தங்கை சொன்னாள், செவிலியரும் மனநல டாக்டரும் அக்கறையானவர்கள். நான்கு நல்ல மனிதர்கள் இருந்தும் தகவல் ஒருவரிடமிருந்து அடுத்தவருக்குப் போகவில்லை.

இதுவரை பார்த்ததைக் கொஞ்சம் திரட்டிக்கொள்வோம். மனநோயில் தகவல் பல கைகளில் சிதறிக் கிடக்கும். கைக்குக் கை மாறும் இடத்தில் அது விழும். இனி, அந்த இடத்தை அடைக்க என்னென்ன வழிகள் கண்டுபிடித்திருக்கிறார்கள் என்று பார்ப்போம்.

## ஒரு பெயர்

முதல் வழி மிக எளியது. ஒரு நோயாளிக்கு ஒரு ஆள் என்று பெயர் சொல்லி நியமிப்பது. இவரைப் பராமரிப்பு ஒருங்கிணைப்பாளர் என்பார்கள். எல்லா வேலையையும் இவரே செய்யப் போவதில்லை. ஆனால் யார் என்ன செய்கிறார்கள் என்பது இவருக்குத் தெரியும். ஒரு வேலை நடக்காவிட்டால் ஏன் நடக்கவில்லை என்று கேட்பவரும் இவரே. பிரிட்டனில் 1991 முதல், கடுமையான மனநோய் உள்ளவர்களுக்கு இப்படி ஒருவரை நியமிக்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். செவிலியராகவோ சமூகப் பணியாளராகவோ இருக்கலாம், பட்டம் முக்கியமில்லை.

இது மிகத் தேவைப்படும் நேரம் மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வரும் நேரம். குணமாகி வந்துவிட்டார் என்று வீட்டில் எல்லாரும் மூச்சு விடும் அந்த முதல் சில வாரங்களில்தான் தற்கொலை ஆபத்து மற்ற காலங்களைவிட அதிகம். வார்டில் இருந்தவர்களின் பொறுப்பு முடிந்திருக்கும், வெளியே பார்ப்பவர்களின் பொறுப்பு இன்னும் தொடங்கியிருக்காது. அந்த வாரத்திலேயே கூப்பிட்டு, எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்க ஒரு ஆள் வேண்டும்.

## வராதவரைத் தேடும் பட்டியல்

இரண்டாவது வழிதான் எனக்கு மிகவும் பிடித்தது. கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

மருத்துவமனை என்பது வருபவரைப் பார்க்கும் இடம். மனச்சோர்வு என்பதோ ஒருவரை வரவிடாமல் செய்யும் நோய். எழுந்திருக்க முடியாதவர், எதிலும் நம்பிக்கை இல்லாதவர், அடுத்த முறை வராமலே இருந்துவிடுவார். வராதவரை யாரும் கவனிப்பதில்லை, வரிசையில் அடுத்தவர் வந்துவிடுகிறார்.

இதற்கு மாற்றாக வந்தது கூட்டுப் பராமரிப்பு முறை. அமெரிக்காவில் இம்பாக்ட் என்ற பெயரில் இதைப் பெரிய அளவில் சோதித்தார்கள். முடிவு 2002-இல் வெளியானது. 18 சாதாரணக் குடும்ப மருத்துவமனைகளில் மனச்சோர்வு இருந்த, 60 வயதைத் தாண்டிய 1,801 பேரை இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு வழக்கமான சிகிச்சை. இன்னொரு பிரிவுக்கு மூன்று பேர் கொண்ட ஏற்பாடு: அவர்களுடைய குடும்ப டாக்டர், ஒரு பராமரிப்பு மேலாளர், பின்னால் இருந்து ஆலோசனை சொல்ல ஒரு மனநல மருத்துவர். மேலாளராக இருந்தவர் செவிலியர் அல்லது உளவியலாளர்.

மேலாளர் தன்னிடம் உள்ள எல்லாருடைய பெயரையும் ஒரு பட்டியலில் வைத்திருப்பார். குறிப்பிட்ட நாட்களில் நேரிலோ தொலைபேசியிலோ ஒவ்வொருவரிடமும் ஒன்பது கேள்விகள் கேட்பார். தூக்கம், பசி, ஆர்வம், சாவைப் பற்றிய எண்ணம் என்று ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 27. இதற்கு பி.எச்.க்யூ-9 என்று பெயர். மனச்சோர்வுக்கு இரத்தப் பரிசோதனை இல்லை என்றேன் அல்லவா, அந்தக் குறையை ஓரளவு தீர்க்கும் எளிய அளவுகோல் இது. வாரம் ஒருமுறை மேலாளரும் மனநல மருத்துவரும் உட்கார்ந்து பட்டியலைப் பார்ப்பார்கள். யாருக்கு எண் இறங்கவில்லை? அவருக்கு மருந்தை மாற்றலாமா, பேச்சுவழிச் சிகிச்சையைக் கூட்டலாமா? முடிவு குடும்ப டாக்டருக்குப் போகும். பெரும்பாலான நோயாளிகளை மனநல மருத்துவர் நேரில் பார்ப்பதே இல்லை.

12 மாதம் கழித்து, நோயின் கடுமை பாதியாகவோ அதற்கும் கீழோ குறைந்தவர்கள் வழக்கமான பிரிவில் 19 சதவீதம். குழுப் பிரிவில் 45 சதவீதம். அதிசய மருந்து எதையும் அவர்கள் புதிதாகக் கொடுக்கவில்லை. இருந்த மருந்தையும் பேச்சையும், யாரையும் நழுவ விடாமல் கொடுத்தார்கள்.

நம் ஊரில் இது நடக்குமா என்று கேட்பீர்கள். அமெரிக்கச் சோதனையின் நகல் இல்லை என்றாலும், அதே எண்ணத்தோடு தமிழ்நாடு, கோவா, மகாராஷ்டிரத்தின் சதாரா ஆகிய மூன்று இடங்களில் ஒரு ஆய்வு நடந்து 2014-இல் வெளியானது. தமிழ்நாட்டில் அதை நடத்தியது சென்னையின் மனநல ஆராய்ச்சி நிறுவனமான ஸ்கார்ஃப். எடுத்துக்கொண்டது மனச்சிதைவு நோய். இல்லாத குரல்கள் கேட்பது, ஆதாரமில்லாத சந்தேகங்கள் உறுதியாக மனதில் பதிவது போன்றவை அதன் அடையாளங்கள். 282 பேரில் ஒரு பகுதியினருக்கு மருத்துவமனைச் சிகிச்சையோடு, பயிற்சி பெற்ற சமுதாயப் பணியாளர்கள் வீட்டுக்கே போய் உதவினார்கள். மருந்தைத் தவறாமல் எடுக்க, நோயைக் குடும்பத்துக்குப் புரியவைக்க, உதவித்தொகைக்கு மனு எழுத. அவர்கள் மருத்துவப் பட்டம் பெற்றவர்கள் அல்ல. பின்னால் நிபுணர்கள் இருந்தார்கள். மருத்துவமனைச் சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிட, வீட்டிலும் இந்த உதவி கிடைத்த நோயாளிகள் மேலாக இருந்தார்கள். வித்தியாசம் பெரிதல்ல, மிதமானதுதான். ஆனால் தமிழ்நாட்டுக் கிராமப்புறத்தில், அதாவது வசதி குறைந்த இடத்தில், அது தெளிவாகத் தெரிந்தது. ஒரு மாவட்டத்துக்கு விரல்விட்டு எண்ணும் அளவுக்கே மனநல மருத்துவர்கள் இருக்கும் நாட்டில் இது சின்ன விஷயம் இல்லை.

சுருக்கமாக: ஒரு ஆள் பொறுப்பு, ஒரு பட்டியல், குறிப்பிட்ட நாளில் அதைத் திறந்து பார்க்கும் பழக்கம். இவ்வளவு இருந்தால் நிபுணர் தூரத்தில் இருந்தாலும் குழு இயங்கும்.

## இரட்டை விசில்

பஸ்ஸில் நடத்துநர் ஒரு விசில் அடித்தால் நிற்க வேண்டும், இரண்டு அடித்தால் கிளம்பலாம். படியில் ஒரு பாட்டி ஏறிக்கொண்டிருப்பதை ஓட்டுநர் பார்க்க முடியாது. “ஏறியிருப்பார்கள்” என்று ஊகித்து அவர் கிளம்புவதில்லை, விசிலுக்குக் காத்திருக்கிறார். தகவல் கை மாறுவதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது.

மருத்துவமனையில் “சொன்னேன்” என்பதும் “கேட்டுக்கொண்டார்” என்பதும் வேறு வேறு. நல்ல குழுக்களில் கேட்டவர் அதைத் திருப்பிச் சொல்வார்: “கை நடுக்கம், இரண்டு வாரமாக, டாக்டரிடம் சொல்லிவிடுகிறேன்.” சொன்னதோடு எழுதியும் வைப்பார். தினமும் கூடிப் பேசும் குழுக்களும் உண்டு. அமெரிக்காவின் மேடிசன் நகரில் 1970-களில் உருவான ஒரு முறையில், பணியாளர் ஒருவருக்குச் சுமார் பத்து நோயாளிகள்தான். ஒவ்வொரு நாளும் எல்லார் பெயரையும் வாசித்து, நேற்று என்ன ஆனது, இன்று யார் போகிறார்கள் என்று பேசிவிட்டுத்தான் கிளம்புவார்கள்.

## “சார் தப்பா நினைச்சுக்குவார்”

ஆள், பட்டியல், கூட்டம் எல்லாம் இருந்தும் ஒரு குழு வாயடைத்துப் போகலாம். நம் ஊரில் இது கொஞ்சம் அதிகம். டாக்டர் பேசும்போது குறுக்கிடக் கூடாது, மேடம் எழுதியதைக் கேள்வி கேட்கக் கூடாது. வார்டைப் பெருக்கும் அக்காவுக்கு நோயாளி சாப்பாட்டை ஜன்னல் வழியே கொட்டுவது தெரியும், ஆனால் அவரை யார் கேட்கப் போகிறார்கள்?

ஏமி எட்மண்ட்சன் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1990-களில் மருத்துவமனை வார்டுகளில் மருந்துப் பிழைகளை ஆராய்ந்தார். நல்ல குழுக்களில் பிழை குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். கிடைத்த கணக்கு தலைகீழாக இருந்தது. நன்றாக இணைந்து வேலை செய்த குழுக்களில்தான் பிழைகள் அதிகம் பதிவாகியிருந்தன. பிறகுதான் காரணம் புரிந்தது: அங்கே பிழையை ஒளிக்காமல் சொன்னார்கள். மற்ற இடங்களில் பயந்து மறைத்தார்கள். இந்தத் தைரியத்தை, அதாவது கேள்வி கேட்டாலோ தவறை ஒப்புக்கொண்டாலோ தனக்கு அவமானம் வராது என்று ஒரு குழுவில் எல்லாருக்கும் இருக்கும் நம்பிக்கையை, 1999-இல் அவர் உளவியல் பாதுகாப்பு என்ற பெயரில் விளக்கினார்.

இது குழுவில் உயர்ந்த இடத்தில் இருப்பவர் தரவேண்டியது. சித்திக்கு இப்போது பார்க்கும் டாக்டர் ஒவ்வொரு முறையும் செவிலியர் பக்கம் திரும்பி, “சிஸ்டர், நான் எதையாவது விட்டுட்டேனா?” என்று கேட்பார். அந்த ஒரு கேள்வியில் சில சமயம் மூன்று விஷயங்கள் வெளியே வந்து பார்த்திருக்கிறேன்.

## நாற்காலியில் இன்னும் ஒருவர்

குழு என்றதும் நோயாளியைத் தவிர மற்ற எல்லாரையும் எண்ணும் பழக்கம் நமக்கு இருக்கிறது. இதை நேராக மாற்றிப் பார்த்தவர்கள் உண்டு. பின்லாந்தின் வடக்கே டோர்னியோ நகரில் உள்ள கெரோபுதாஸ் மருத்துவமனையில் 1984-இல் ஒரு விதி வைத்தார்கள்: நோயாளியைப் பற்றிய முடிவுகளை அவர் இல்லாமல் பேசக் கூடாது. அவரும் குடும்பமும் எதிரே உட்கார்ந்திருக்க, டாக்டர்கள் தங்கள் சந்தேகத்தையும் கருத்து வேறுபாட்டையும் அவர்கள் முன்னாலேயே பேசுவார்கள். நமக்குப் பக்கத்திலேயே, வேலூர் சி.எம்.சி.யின் மனநலப் பிரிவில், உறவினர் ஒருவர் நோயாளியோடு கூடவே தங்கி நோயைப் பற்றிக் கற்றுக்கொள்ளும் வழக்கம் பல பத்தாண்டுகளாக இருக்கிறது.

குடும்பத்தை எப்போதும் உள்ளே இழுக்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். சில வீடுகளில் காயமே குடும்பத்திலிருந்துதான் வந்திருக்கும். அதனால் யாரை உள்ளே விடுவது என்பதை நோயாளி சொல்ல வேண்டும். 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 இதற்கு வழி செய்கிறது. தன் சார்பில் பேச ஒருவரை, சாதாரண வெள்ளைத் தாளில் எழுதிக் கையெழுத்திட்டு வயது வந்த யாரும் நியமிக்கலாம். அவருக்கு நியமனப் பிரதிநிதி என்று பெயர். உறவினராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. டிஸ்சார்ஜ் செய்யும்போது அடுத்து என்ன சிகிச்சை என்பதை நோயாளியோடும் அந்தப் பிரதிநிதியோடும் கலந்து பேச வேண்டும் என்பதும் சட்டத்தில் உள்ளது. பலர் இதைக் கேட்பதே இல்லை. கேளுங்கள்.

ரகசியம் என்ன ஆகும் என்ற பயம் நியாயமானது. சிகிச்சை தருபவர்கள் சிகிச்சைக்குத் தேவையானதைத் தங்களுக்குள் பகிரலாம். அதற்கு வெளியே, சட்டம் குறிப்பிட்டுச் சொல்லும் சில சூழல்களைத் தவிர, உங்கள் விவரம் ரகசியமாகத்தான் இருக்க வேண்டும். உளவியலாளரிடம் சொன்னதில் எது டாக்டருக்குப் போகும் என்று முதல் நாளே கேட்டுக்கொள்வதில் தவறில்லை.

## வீட்டில் செய்யக்கூடியது

எல்லா மருத்துவமனையிலும் ஒருங்கிணைப்பாளர் இருக்க மாட்டார். இல்லாத இடத்தில் மூன்று கேள்விகளை நீங்களே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஏதாவது ஆனால் நான் யாரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது? என்ன அடையாளம் தெரிந்தால் காத்திருக்காமல் வரவேண்டும்? புது மருந்து எழுதினால் யாரிடம் காட்டுவது? பழைய மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், அது வேறு ஆபத்து. இரவில் யாரும் கிடைக்காவிட்டால் அரசின் டெலி மானஸ் இருக்கிறது. 14416-க்கு எந்த நேரமும் இலவசமாகக் கூப்பிட்டுத் தமிழில் பேசலாம்.

அந்த மார்கழிக்குப் பிறகு சித்தி ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்திருக்கிறார். முதல் பக்கத்தில் டாக்டர், சிஸ்டர் பெயர்களும் எண்களும். இரண்டாவதில் மாத்திரைகள், அளவோடு. மூன்றாவதில் அவரே தன் கையெழுத்தில் எழுதியது: “கை நடுங்கினால். மூணு நாள் தூக்கம் வராமல் போனால். ஒரே வாரத்தில் நாலு புடவை எடுத்தால்.” கடைசி வரியைப் படித்துவிட்டுத் தங்கை அழுதாள், எந்த டாக்டரும் எழுதியிருக்க முடியாத வரி அது.

போன மாதம் பல் வலி என்று பக்கத்துத் தெருப் பல் டாக்டரிடம் போனோம். “பிரஷருக்கு” என்று இந்த முறை சித்தி சொல்லவில்லை. நோட்டை எடுத்து மேசைமேல் வைத்தார். டாக்டர் இரண்டாம் பக்கத்தைப் பார்த்துவிட்டு, பாதி எழுதியிருந்த மாத்திரைப் பெயரை அடித்துப் பாரசிட்டமால் என்று எழுதினார்.